சோலார் போட்டாயிற்று, கார்பன் எவ்வளவு குறைந்தது?

சோலார் பற்றி இரண்டு விதமான பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. "கூரையில் பேனல் போட்டாயிற்று, இனி எங்கள் வீட்டுக் கணக்கில் கார்பனே இல்லை" என்பது ஒன்று. "பேனல் செய்யவே ஏகப்பட்ட நிலக்கரி எரிகிறது, எல்லாம் கண்துடைப்பு" என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்டவர்கள் குழம்பிப்போவது இயல்பு. இரண்டுமே தவறு. பேனல் உண்மையிலேயே கார்பனைக் குறைக்கிறது. எவ்வளவு குறைக்கிறது என்பதோ, அந்த மின்சாரத்தை எந்த வேலைக்கு, எந்த நேரத்தில் செலவழிக்கிறோம் என்பதில் இருக்கிறது. அடிப்படையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் இது தெளிவாகும்.

## எந்தக் கார்பன்?

நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு மூன்றும் மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த கரிமம். எரிக்கும்போது அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடு ஆகிறது. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு இந்த வாயு இருந்தது. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958இல் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது ஏறக்குறைய 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இது பூமியின் வெப்பம் வெளியேறாமல் பிடித்து வைக்கிறது. அதனால்தான் இவ்வளவு கவலை.

ஒரு லிட்டர் பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். அதன் எடை முக்கால் கிலோதான். எரித்தால் 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு வருகிறது. முக்கால் கிலோ எப்படி இரண்டேகால் கிலோவுக்கு மேல் ஆனது? கார்பன் அணுவின் எடை 12. எரியும்போது அது ஒவ்வொன்றும் 16 எடையுள்ள இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. உள்ளே 12 ஆகப் போனது 44 ஆக வெளியே வருகிறது. டேங்க் காலியானதும் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்கிறோம். அது தீரவில்லை, மூன்று மடங்கு எடையோடு காற்றில் இருக்கிறது.

கார்பன் டைஆக்சைடு மட்டும் குற்றவாளி கிடையாது. மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் அதைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சுமார் 80 மடங்கு. இப்படிப்பட்ட வாயுக்களையெல்லாம் கார்பன் டைஆக்சைடு அளவுக்கு மாற்றிக் கூட்டி வருவதுதான் ஒருவரின் "கார்பன் தடம்". அளவுகோலாக ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளலாம்: உலகம் முழுவதும் எரிபொருளை எரித்து வெளியேறும் கார்பன் டைஆக்சைடைத் தலைக்குப் பங்கிட்டால், ஆளுக்கு ஆண்டுக்கு நான்கரை டன்னுக்குச் சற்று மேல் வரும்.

## கிலோவாட் வேறு, யூனிட் வேறு

சோலார் பேச்சில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. வாட், கிலோவாட் என்பவை வேகம். யூனிட் என்பது மொத்த அளவு. 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது வாட். குடத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பது யூனிட். "3 கிலோவாட் சோலார்" என்று சொன்னால், நல்ல வெயிலில் அது அதிகபட்சமாக எவ்வளவு வேகத்தில் மின்சாரம் தரும் என்றுதான் பொருள். ஒரு நாளில் எத்தனை யூனிட் கிடைக்கும் என்று அதற்குப் பொருள் கிடையாது.

இந்த அளவு கைவந்துவிட்டால் வீட்டில் எது பெரிது, எது சிறிது என்பது சட்டென்று தெரியும். ஒரு செல்பேசியை முழுதாகச் சார்ஜ் செய்யச் சுமார் 15 வாட்-மணி போதும் (1,000 வாட்-மணி ஒரு யூனிட்). 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை நிமிடத்தில் அதைத் தின்றுவிடும். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரி சூடாக்க ஏறக்குறைய அரை யூனிட் வேண்டும், அதாவது முப்பது முறை போன் சார்ஜ் செய்யும் மின்சாரம். சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதைச் செய்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பவர் கார்பன் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்கவே இல்லை. வீட்டில் கார்பன் முக்கியமாக இரண்டு இடங்களில் இருக்கிறது: எதையாவது சூடாக்கும் அல்லது குளிரூட்டும் இடத்திலும், நம்மை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தும் இடத்திலும். விளக்கும் போனும் டிவியும் அவற்றுக்குப் பிறகுதான்.

## வெயில் மின்சாரமாவது எப்படி?

ஒளி பட்டால் மின்சாரம் உண்டாகும் என்பதை 1839இல் பிரெஞ்சு அறிவியலாளர் எட்மண்ட் பெக்கரல் கண்டார். ஒளி சிறுசிறு ஆற்றல் பொட்டலங்களாக வந்து எலக்ட்ரானைத் தட்டி எழுப்புகிறது என்று 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். பயன்படுத்தத் தகுந்த முதல் சிலிக்கான் செல், அதாவது பேனலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் சிறு தகடு, 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவானது. அதன் மீது விழுந்த ஒளியில் 6 சதவீதம் மின்சாரமானது. இன்று கூரைகளில் ஏறும் பேனல்கள் 20 முதல் 23 சதவீதம் வரை தருகின்றன. ஒற்றை அடுக்குச் சிலிக்கானுக்கு இயற்பியல் விதித்த உச்சவரம்பு ஏறத்தாழ 30 சதவீதம் என்பதால், இனிப் பெரிய பாய்ச்சலுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை.

வளிமண்டலத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1,361 வாட் சூரிய ஆற்றல் வருகிறது. தெளிவான நண்பகலில் தரைக்கு வந்து சேர்வது சுமார் 1,000. இதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமானால் 200 வாட். ஆகவே ஒரு கிலோவாட்டுக்கு ஐந்து சதுர மீட்டர் பேனல் வேண்டும். வெயில் நிறைந்த பகுதியில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மேகமும் குளிரும் மிகுந்த பகுதிகளில் இரண்டரை, மூன்று.

கணக்கில் வருவது கையில் கிடைக்காமல் போவதற்குச் சில காரணங்கள் உண்டு.

1. வெப்பம். பேனலுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்கு ஆகாது. பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட் அளவு 25 டிகிரியில் சோதித்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். கடும் வெயிலில் பேனல் 60 டிகிரிக்குப் போனால் சுமார் 12 சதவீதம் போயிற்று. கூரையோடு ஒட்டி வைக்காமல் அடியில் காற்றோட இடம் விடுவது இதற்காகத்தான்.

2. நிழல். இதுதான் பலருக்கும் தெரியாமல் கையைக் கடிக்கிற விஷயம். பேனலுக்குள் செல்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. காலை ஒன்பது மணிக்குப் பக்கத்துத் தண்ணீர்க் குழாயின் நிழல் மெல்லிய கோடாக இரண்டு செல்களின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க ஒன்றுமே இல்லை போலிருக்கும். ஆனால் ஒரே குழாயில் எங்கோ ஓரிடத்தில் காலால் மிதித்தது போல, அந்த இரண்டு செல்களும் தங்கள் வரிசை முழுவதன் ஓட்டத்தையும் அடைக்கின்றன. பைபாஸ் டயோடு என்ற சிறு பாகம் அந்த வரிசையைச் சுற்றிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்திவிடும். வழக்கமான பேனலில் மூன்றில் ஒரு பங்கு அப்போது வேலை செய்யாது. கோட்டளவு நிழலுக்கு மூன்றில் ஒரு பங்கு இழப்பு. பேனல் வாங்கும் முன் கூரையில் ஒரு நாள் முழுக்க எங்கெங்கே நிழல் நகர்கிறது என்று பார்த்துவிடுவது, எந்த பிராண்டு என்று ஆராய்வதைவிட அதிகப் பலன் தரும்.

3. தூசி, பறவை எச்சம், வயது. முதல் இரண்டும் கழுவினால் போய்விடும். வயதால் ஆண்டுக்கு அரை சதவீதம் போலக் குறையும். 25 ஆண்டுக்குப் பிறகும் பேனல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நடுவில் ஒரு முறையாவது மாற்ற வேண்டிவருவது, பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கேற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர்தான்.

## "பேனல் செய்வதற்கே கார்பன் ஆகிறதே?"

ஆகிறது. மணலிலிருந்து சிலிக்கானைப் பிரித்துத் தூய்மைப்படுத்த மிகுந்த வெப்பம் வேண்டும். அலுமினியச் சட்டம், கண்ணாடி, போக்குவரத்து எல்லாம் சேரும். இவை அனைத்தையும் கூட்டி, பேனல் தன் ஆயுளில் தரும் மொத்த யூனிட்டுகளால் வகுத்தால் வருவதே வாழ்நாள் உமிழ்வு. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2014இல் வெளியிட்ட நடுத்தர மதிப்புகள் இவை: ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம், இயற்கை எரிவாயு 490, கூரை சோலார் 41, நீர்மின்சாரம் 24, அணுமின்சாரம் 12, தரைக் காற்றாலை 11. பேனலுக்கும் கார்பன் உண்டு, நிலக்கரியின் இருபதில் ஒரு பங்கு. தன்னைச் செய்யச் செலவான ஆற்றலைப் பேனல் ஏறத்தாழ ஓரிரு ஆண்டுகளில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மீதி இருபது சொச்சம் ஆண்டுகள் லாபம்தான்.

ஆனால் இந்த எண்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 3 கிலோவாட் பேனல் நாளுக்கு 12 யூனிட் வீதம் ஆண்டுக்கு 4,380 யூனிட் தருகிறது. மின் நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் கம்பி வலையான மின்கட்டமைப்பு முழுக்க நிலக்கரியில் ஓடினால், பேனல் ஆண்டுக்கு 3.4 டன் கார்பன் டைஆக்சைடைத் தடுக்கும். அதே பேனலை முழுக்க நீர்மின்சாரத்தில் ஓடும் இடத்தில் வைத்தால் தடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. பேனலின் பலன் அது எதை இடம்பெயர்க்கிறது என்பதில் இருக்கிறது. நம் மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

## பகலில் விளைவது, இரவில் தேவைப்படுவது

பேனல் போட்ட பெரும்பாலான வீடுகள் மின்கட்டமைப்போடும் இணைந்தவை. பகலில் வீட்டுத் தேவைக்கு மிஞ்சியது வெளியே போகும்; இரவில் வெளியிலிருந்து உள்ளே வரும். நெட் மீட்டர் என்ற கருவி இரண்டையும் கழித்துக் காட்டுகிறது. மாதக் கடைசியில் "பூஜ்யம்" என்று வந்தால், வெளி மின்சாரமே வாங்கவில்லை என்று தோன்றிவிடும். அது ரசீதின் கணக்கு. நண்பகலில் கொடுத்த ஒரு யூனிட்டும் இரவு ஒன்பது மணிக்கு எடுத்த ஒரு யூனிட்டும் ரசீதில் சமம். காற்றில் சமமாக இருக்க வேண்டியதில்லை.

காரணம் இதுதான். சோலார் மிகுந்த மின்கட்டமைப்பில் நண்பகலில் ஏற்கெனவே மின்சாரம் வழிகிறது. மாலையில் வெயில் இறங்க, வீடுகளில் விளக்கும் அடுப்பும் குளிர்சாதனமும் ஒரே நேரத்தில் ஓட, அனல்மின் நிலையங்கள் அவசரமாக வேகம் எடுக்க வேண்டியிருக்கிறது. 2013இல் கலிஃபோர்னியாவின் மின்கட்டமைப்பு நிர்வாகம் இதை ஒரு வரைபடமாகப் போட்டது. நடுவில் வயிறு தொங்கி, மாலையில் கழுத்து நிமிரும் அந்தக் கோடு வாத்து போல இருந்ததால் அதற்கு வாத்து வளைவு என்றே பெயர் வந்துவிட்டது. சோலார் பெருகும் இடமெல்லாம் இந்த வாத்து வருகிறது.

இதிலிருந்து வரும் முடிவு எளிது, செலவும் இல்லாதது: தள்ளிப்போடக்கூடிய வேலைகளைப் பகலுக்குக் கொண்டுவர வேண்டும். துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் மோட்டார், வாட்டர் ஹீட்டர், மின் வண்டிச் சார்ஜ் இவையெல்லாம் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே ஓடலாம். வெந்நீரை வெப்பம் கசியாத தொட்டியில் பகலிலேயே சூடாக்கி வைத்தால் அதுவே ஒரு பேட்டரி, அதுவும் தேயாத பேட்டரி. இங்கே நேரடி சோலார் வாட்டர் ஹீட்டரையும் மறந்துவிடக் கூடாது. பேனல் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது. வெந்நீர்க் கருவி பாதியை வெப்பமாகவே பிடித்துவிடுகிறது. வெப்பம்தான் வேண்டும் என்றால் மின்சாரம் வழியாகச் சுற்றி வர அவசியமில்லை.

மின்தடை வந்தால் பேனல் இருக்கிற வீடும் ஏன் இருட்டாகிறது என்று பலர் கேட்கிறார்கள். அது பழுதில்லை. வெளியே லைனைச் சரிசெய்பவர், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியில் கைவைக்கும்போது கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் உயிர் போய்விடும். அதனால் வெளி மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானாக நிற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. மின்தடையிலும் வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் தேவை. பேட்டரி செய்வதற்கும் கார்பன் ஆகும். ஆகவே முதலில் வேலைகளைப் பகலுக்கு நகர்த்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் இரவில் மிஞ்சுகிற தேவைக்கு மட்டும் அளவெடுத்து வாங்குவது சரி.

## மின் கம்பிக்கு வெளியே

கூரையில் எத்தனை பேனல் இருந்தாலும் பெட்ரோல் டேங்கையும் எரிவாயு சிலிண்டரையும் அவை தொடுவதில்லை. எரிப்பதை மின்சாரத்துக்கு மாற்றினால்தான் தொட முடியும். அங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது.

1. வண்டி. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 153 கிராம் வெளியிடுகிறது. ஒரு யூனிட்டில் 6 கிலோமீட்டர் ஓடும் மின் கார், முழு நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் ஆனால் 137 கிராம். பெரிய வித்தியாசமில்லை. அதே கார் பகலில் சோலாரில் சார்ஜ் ஆனால் 7 கிராம். வண்டி ஒன்றுதான், பிளக்கைச் செருகிய நேரம் வேறு. ஆனால் ஓட்டாத கிலோமீட்டருக்கு எந்தக் கணக்கும் வேண்டாம். நடை, சைக்கிள், பேருந்து, ரயில் இவற்றால் முடிகிற பயணத்துக்குக் காரை எடுக்காமலிருப்பதே முதல் படி.

2. சமையல். எரிவாயு அடுப்பில் வெப்பத்தில் பாதிக்கு மேல் பாத்திரத்தின் ஓரமாக வெளியே போய்விடுவதுண்டு. இண்டக்ஷன் அடுப்பு 85 சதவீதம் வரை பாத்திரத்துக்குள் அனுப்புகிறது. அதற்காக இண்டக்ஷன் எப்போதும் மேல் என்று சொல்லிவிட முடியாது. நிலக்கரி மின்சாரத்தில் இரவில் சமைத்தால் எரிவாயுவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கார்பன் ஆகும். பகல் சோலாரில் பத்தில் ஒரு பங்குதான். மூடி போட்டுச் சமைப்பது இரண்டிலும் மிச்சம்.

3. குளிர்சாதனத்தின் வாயு. இது பலர் கணக்கிலேயே வருவதில்லை. ஆர்-410ஏ என்ற வாயு கார்பன் டைஆக்சைடைப் போல 2,000 மடங்குக்கு மேல் வெப்பம் பிடிக்கும். ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கார்பன் டைஆக்சைடுக்குச் சமம், ஏறக்குறைய 900 லிட்டர் பெட்ரோல் எரித்தது போல. ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆர்-290 எனப்படும் புரொப்பேன் மிகமிகக் குறைவு. இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. வீட்டில் செய்யக்கூடியது: ஆண்டுதோறும் "கேஸ் குறைந்துவிட்டது" என்று நிரப்பிக்கொண்டே போகாமல், கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்வது, இயந்திரத்தை இடம் மாற்றும்போதோ பழையதைக் கொடுக்கும்போதோ வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் பிடிக்கச் சொல்வது. ஐந்து நிமிடப் பேச்சு, இரண்டு டன்.

4. உணவு. உலகப் பசுங்குடில் வாயுக்களில் சுமார் கால் பங்கு உணவு உற்பத்தியிலிருந்து வருகிறது. அசைபோடும் விலங்குகளின் வயிற்றிலிருந்து மீத்தேன் வருவதால் அவற்றின் இறைச்சிக்குத்தான் தடம் அதிகம். எங்கிருந்து வந்தது என்பதைவிட எதைச் சாப்பிடுகிறோம் என்பதுதான் பெரும்பாலும் பெரிது. வீணாகும் உணவு மட்டும் உலக உமிழ்வில் 8 முதல் 10 சதவீதம். விளைவித்த கார்பனும் போய், குப்பையில் அழுகி மீத்தேனும் வருகிறது.

5. விமானம். நீண்ட தூரம் பறக்கும் ஒருவருக்கு, 10,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன். 3 கிலோவாட் பேனல் நிலக்கரி மின்கட்டமைப்பில் மூன்றரை மாதம் தடுத்தது ஒரு பயணத்தில் போய்விடும்.

6. பொருட்கள். போன், லேப்டாப் போன்றவற்றின் தடத்தில் பெரும்பகுதி நாம் பெட்டியைத் திறக்கும் முன்பே முடிந்துவிட்டது. இரண்டு ஆண்டில் மாற்றுவதை நான்கு ஆண்டாக்கினால் அந்தத் தடம் பாதி.

## சோலார் போட்டதும் செலவு கூடுவது ஏன்?

1865இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் ஒன்றைக் கவனித்தார். நீராவி இயந்திரங்கள் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியதும் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது. மலிவானதால் எல்லாரும் அதிகம் பயன்படுத்தினார்கள். சோலார் வீடுகளிலும் இது நடக்கலாம். "நம்ம மின்சாரம்தானே" என்று இரவு முழுக்க இரண்டு அறையில் குளிர்சாதனம் ஓடினால், அந்த இரவு மின்சாரம் கூரையிலிருந்து வருவதில்லை. இதற்கு மருந்து நெட் மீட்டரிலேயே இருக்கிறது. எத்தனை யூனிட் உற்பத்தி என்று மட்டும் பார்க்காமல், வெளியிலிருந்து எத்தனை யூனிட் வந்தது என்பதை மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். பேனல் போடுவதற்கு முந்தைய அளவைவிட அது ஏறினால் எங்கே கூடியது என்று தேடலாம்.

## கூரை இல்லாதவர்கள்

வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்கள் சோலார் தங்களுக்கில்லை என்று விட்டுவிடுகிறார்கள். 2024இல் உலக மின்சாரத்தில் சுமார் 7 சதவீதம் சூரியனிலிருந்து வந்தது. அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு எல்லாருடைய கம்பியிலும் வருகிறது, பகலில் அதிகமாக. ஆகவே வேலைகளைப் பகலுக்கு நகர்த்துவது பேனல் இல்லாத வீட்டுக்கும் பொருந்தும். நேரத்துக்கேற்பக் கட்டணம் மாறும் இடங்களில் ரசீதும் குறையும். சில நாடுகளில் ஒரு பொதுச் சோலார் பண்ணையில் பங்கு வாங்கி, அதன் யூனிட்டைத் தன் ரசீதில் கழித்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே திரை தொங்கவிட்டு வெயிலை அறைக்குள் வரும் முன்பே தடுப்பதற்கு யாருடைய கூரையும் வேண்டாம். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தை வெளியேற்றத்தான் குளிர்சாதனம் மாலை முழுக்க, அனல்மின் நிலையம் வேகம் எடுக்கும் அதே நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கிறது.